மலர் அக்காவின் வெள்ளைப் பலகை

இராசமலரை நல்ல மனுஷி என்று சொல்ல எங்கள் சந்தையில் இருபது பேராவது இருப்பார்கள். அந்த இருபதில் நான் இல்லை. ஆறு வருஷம் அவருடைய மேசைக்கு நேர் எதிரே கடை போட்ட தங்கம் நான். அவரை எனக்குப் பிடிக்காது. ஏன் பிடிக்காது என்று சொல்கிறேன். பிடிக்காததால் நான் செய்த காரியத்தையும் சொல்கிறேன், அதற்காகத்தான் எழுதவே உட்கார்ந்தேன்.

ஃபேரர் பார்க்கில் அடுக்குமாடி புளோக் ஒன்றின் கீழ்த்தளத்தில், சனிக்கிழமை காலையில் மட்டும் கூடுகிற சந்தை அது. உழவர் சந்தை என்று துணியில் எழுதிக் கட்டியிருப்பார்கள். எங்களில் ஒருத்தர்கூட ஏரைத் தொட்டதில்லை. கிராஞ்சிப் பக்கம் ஒரு தோட்டத்திலிருந்து கீரையும் காயும் எடுத்து வந்து நான் விற்பேன். பக்கத்து மேசையில் ஹஸீனா முட்டை விற்பாள். எதிரே இரண்டு மின்னடுப்பும் ஒரு மைக்கும் வைத்துக்கொண்டு மலர் அக்கா ஆரோக்கியச் சமையல் சொல்லிக்கொடுப்பார். இலவச வகுப்பு. ஒன்பதரைக்கு ஆரம்பித்தால் முடிகிற வரைக்கும் ஒரு நாற்காலிகூடக் காலியாக இருக்காது.

சும்மா சொல்லக்கூடாது, கைப்பக்குவம் உள்ளவர். சிவப்பரிசி மாவில் முருங்கைக்கீரையை உருவிப் போட்டுப் புட்டு அவிப்பார். தேங்காய்ப் பாலை அரைக்கால் கிண்ணத்தோடு நிறுத்தி, மீதிக்குப் பருப்புத் தண்ணீர் விட்டுச் சொதி வைப்பார். குடித்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. கால் தட்டு சோறு, கால் தட்டு மீன், அரைத் தட்டு காய் என்று தட்டில் கரண்டியால் கோடு போட்டே காட்டுவார். அவர் சொல்கிற அன்றைக்கு என் முருங்கைக்கீரை பத்து நிமிஷத்தில் தீர்ந்துவிடும். அதை நான் மறுக்கவில்லை.

அவருடைய தாத்தா யாழ்ப்பாணத்திலிருந்து வந்து மலாயா ரயில்வேயில் கிளார்க்காக இருந்தவர். அக்காவும் முப்பத்து நாலு வருஷம் ஓர் அலுவலகத்தில் கிளார்க். கணவர் பேரின்பநாயகம் பேங்கில் வேலை பார்த்தவர், இனிப்பு என்றால், அதுவும் அக்கா கிண்டுகிற தொதல் என்றால், உயிரை விடுவார். அந்த உயிரைத்தான் சீனி வியாதி தவணை முறையில் எடுத்தது. முதலில் ஒரு விரல், பிறகு பாதம், பிறகு முழங்கால் வரை, பிறகு அடுத்த கால். அவர் போன பிறகு, இந்த ஊரில் சத்துணவைப் பற்றி எங்கே பாடம் நடந்தாலும் அக்கா போய் முதல் வரிசையில் உட்கார்ந்து படித்தார். சந்தையில் வகுப்பு ஆரம்பித்த முதல் நாள், மைக்கில் அவர் பேசிய முதல் வார்த்தை எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது.

"என்ர மனுசன்ர ரெண்டு காலையும் டொக்டர் வெட்டேல்ல. நான்தான் வெட்டினனான். தொதல் கிண்டின கரண்டியால."

கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. கேட்டவர்கள்தான் அழுதார்கள். நானும் அழுதேன். அந்த ஒரு நாள் எனக்கு அவரைப் பிடித்திருந்தது.

அடுத்தடுத்த வாரங்களில் அவர் கை நீள ஆரம்பித்தது. வகுப்புக்கு வருகிறவர்களின் பையைப் பிடுங்கி உள்ளே இருப்பதை ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைப்பார். கண்டென்ஸ்ட் மில்க் டின் இருந்தால் மைக்கில் பெயர் சொல்லி மானத்தை வாங்குவார். வாங்கிக் கட்டிக்கொண்டவர்களும் சிரித்துக்கொண்டே அடுத்த வாரம் வருவார்கள். வீட்டில் பெற்ற பிள்ளைகூட நின்று விசாரிக்காத வயதில், திட்டுவதற்காவது ஓர் ஆள் இருக்கிறாரே என்று வந்தார்கள் போல. எனக்குத் திட்டு வாங்கித் தழும்பேறின தோல் இல்லை. ஒருநாள் என் மேசைக்கு வந்து, நான் ஐந்தாவது மாடி ஜன்னலில் தட்டு வைத்து, மழைக்கும் வெயிலுக்கும் காவல் காத்துக் காயப்போட்ட மோர்மிளகாய்ப் பாக்கெட்டைத் தூக்கிக் காட்டினார்.

"இதுக்குள்ள இருக்கிற உப்பு ஒரு குடும்பத்துக்கு ஒரு கிழமைக்குக் காணும். தங்கம் விக்கிறா. நீங்கள் வாங்கித் திண்டுபோட்டு ஆசுபத்திரியில போய்ப் படுங்கோ."

ஐம்பது தலை என் பக்கம் திரும்பியது. எனக்கு முகம் எரிந்தது. அன்றிலிருந்து என் மோர்மிளகாயைத் தொட ஆளில்லை. அப்போதே நாலு வார்த்தை கேட்டிருந்தால் மனசு ஆறியிருக்கும். நான் கேட்கவில்லை, உள்ளேயே வைத்துக்கொண்டேன். வைத்துக்கொண்டது என்றைக்காவது ஒரு வழியில் வெளியே வரும் என்று அப்போது தெரியாது.

இனிப் பலகைக்கு வருகிறேன். வகுப்புக்கு ஒரு மணி நேரம் முன்னால், எட்டரைக்கெல்லாம், சீனி வியாதிக்காரர்கள் வெறும் வயிற்றோடு வரிசையில் நிற்பார்கள். அக்கா விரலில் ஊசி குத்தி, சின்ன மெஷினில் பார்த்து, ஒரு வெள்ளைப் பலகையில் பெயரையும் எண்ணையும் எழுதுவார். ஏழுக்குக் கீழே என்றால் பச்சை மை, ஏழுக்கு மேலே என்றால் சிவப்பு; மற்ற ஊர்களில் நூற்றிருபத்தாறு என்று சொல்வதைத்தான் இந்த ஊர் மெஷின் ஏழு என்று காட்டும். போன வாரத்தைவிட அதிகமாக இறக்கியவருக்கு ஒரு பை காய்கறி பரிசு, கூடவே எல்லாரும் கை தட்ட வேண்டும். சிவப்பில் இருப்பவர் எழுந்து நின்று, அந்த வாரம் என்ன தின்றார் என்று மைக்கில் ஒப்பிக்க வேண்டும். சந்தையைப் பார்த்துக்கொள்கிற நூர்தீன், "அக்கா, இது வேணாம் லா, கம்ப்ளெயின் வரும்," என்று இரண்டு தரம் சொல்லிப் பார்த்தார். "வெக்கம் வராட்டில் வாய் அடங்காது," என்று அக்கா அவரைத் திருப்பி அனுப்பினார். வகுப்பு முடிந்ததும் பலகையைப் படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுவார்கள்.

அந்தப் பலகையில் எப்போதும் சிவப்பில் இருந்த பெயர் ரமணன். அறுபத்தொரு வயது, ஒரு காண்டோ குடியிருப்பில் இரவுக் காவல் வேலை. மனைவி இறந்து ஒன்பது வருஷம். குவீன்ஸ்டவுனில் மூன்றறை வீட்டில் தனியாக இருந்தார். பழைய வீடு, பத்தாவது மாடி, சமையலறை ஜன்னலைத் திறந்தால் ரயில் போவது தெரியும். அந்த வீட்டைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் மனுஷருக்கு வாய் மூடாது. மனைவி வாங்கிய சோபா, மனைவி ஒட்டிய சாமி படம் என்று ஒன்று விடாமல் சொல்லுவார்.

ஒரே மகள் ரோஷினி, தெம்பனிஸில் புருஷன், இரண்டு பிள்ளைகளோடு இருக்கிறாள். அப்பா ஒருநாள் பஸ்ஸில் மயங்கி விழுந்து ஆஸ்பத்திரியில் கிடந்த பிறகு அவள் ஒரு கெடு வைத்தாள். தீபாவளிக்குள் சீனி கட்டுக்குள் வராவிட்டால் குவீன்ஸ்டவுன் வீட்டை விற்றுவிட்டு அவரை முதியோர் இல்லத்தில் சேர்ப்பாள். கெட்ட பெண் இல்லை. வேலை, பிள்ளைகள், தீவின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓட அவளால் முடியவில்லை. அக்காவின் வகுப்புக்கு அப்பாவைச் சேர்த்துவிட்டவளும் அவள்தான். சனிக்கிழமை ஆனால் வாட்ஸ்அப்பில் பலகைப் படத்துக்காகக் காத்திருப்பாள். ரமணனுக்கு வீடு நிலைக்குமா போகுமா என்பதை அந்தப் பலகைதான் சொல்லும் என்று ஆகிவிட்டது.

"பதினொண்டு புள்ளி மூண்டு!" என்று அக்கா மைக்கில் கத்துவார். "ரமணன், எழும்பும். என்ன திண்டனீர்?"

"ஒண்ணும் இல்ல டீச்சர். நைட் டூட்டில ரெண்டு ரொட்டி பிராட்டா."

"ரெண்டோ?"

"நாலு."

"குடிச்சனீரோ?"

"ஒரே ஒரு பியர், டீச்சர்."

கூட்டம் விழுந்து விழுந்து சிரிக்கும். அக்கா விடமாட்டார். "மகளுக்கு உம்மை எந்த இல்லத்தில தள்ளுறது எண்டு யோசிக்க நேரம் மிச்சம். நீரே நல்ல இடமாப் பாத்து வையும்!" என்பார். ரமணனும் சிரிப்பார். சிரித்துவிட்டு என் மேசைக்கு வந்து, கீரைக்கட்டு எடுப்பதுபோலக் குனிந்து கண்ணைத் துடைத்துக்கொள்வார். அதை நான் பார்த்திருக்கிறேன்.

தீபாவளிக்கு இரண்டு மாதம் இருக்கும்போது அந்தச் சிவப்பு பச்சை ஆனது. ஆறு புள்ளி எட்டு, அடுத்த வாரம் ஆறு புள்ளி ஒன்று, அதற்கடுத்த வாரம் ஐந்து புள்ளி ஐந்து. அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. "பாருங்கோ! ஏச்சு வாங்கினவன் திருந்துவான்!" என்று மைக்கில் அவரை உதாரணம் காட்டினார். ரோஷினி குழுவில் பூங்கொத்துப் படம் அனுப்பினாள். எனக்கு மட்டும் ஒரு சந்தேகம், ஏனென்றால் மனுஷரின் முகம் தேறவில்லை, ஒட்டிப்போயிருந்தது. கேட்டேன்.

"தங்கம், நீ யாருகிட்டயும் சொல்லிடாதே," என்றார். "வெள்ளிக்கிழம மத்தியானத்தோட சாப்பாட்ட நிறுத்திடுவேன். சனிக்கிழம காலையில மாத்திர ஒண்ணுக்குப் பதிலா மூணு போட்டுருவேன். மத்த நாளு வழக்கம்போலத்தான் லா. ரோஷினி பாக்கிறது சனிக்கிழம நம்பரு மட்டும்தானே."

"உடம்பு என்னத்துக்கு ஆகும்ண்ணே?"

"கொஞ்சம் கை நடுங்கும். வகுப்பு முடிஞ்சு டீச்சர் குடுக்கிற புட்டைச் சாப்பிட்டா சரியாப் போயிடும். தீபாவளி வரைக்கும்தான். வீடு தப்பிச்சிட்டா விட்டுருவேன்."

நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று எந்தக் குழந்தையைக் கேட்டாலும் சொல்லும். நான் சிரித்தேன். வயிறு குலுங்கச் சிரித்தேன். ஊரையே ஆட்டிவைக்கிற பெரிய டீச்சர், விரலில் குத்தி விவரம் பார்க்கிறவர், நாலு பிராட்டா தின்கிற ஒரு காவல்காரரிடம் வாராவாரம் ஏமாந்து மைக்கில் பெருமை பேசுகிறார். என் மோர்மிளகாய்க்கு இதைவிட நல்ல பதிலடி கிடைக்குமா? ரமணன் மேல் எனக்கு இரக்கம் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். அந்தம்மா ஏமாறுவதைப் பார்க்கிற ஆசை அதைவிடப் பெரிதாக இருந்தது. ஒவ்வொரு சனிக்கிழமையும் கை தட்டல் கேட்கும்போது நான்தான் பலமாகத் தட்டுவேன்.

தீபாவளிக்கு முந்தின சனிக்கிழமை. லிட்டில் இந்தியாவில் வாங்க வந்த கூட்டமெல்லாம் எங்கள் சந்தைக்குள்ளும் வழிந்தது. எனக்கு மூச்சுவிட நேரமில்லை. எட்டரைக்கு ரமணன் விரலை நீட்டினார். நாலு புள்ளி இரண்டு. அக்கா பச்சை மையில் எழுதி, கீழே கோடு போட்டு, "இதுதான் மனுசன்!" என்று அவர் தோளில் தட்டினார். பரிசுப் பை என் மேசையிலிருந்துதான் போனது. கொடுக்கும்போது பார்த்தேன், சட்டைக் கழுத்து நனைந்திருந்தது, உதடு வெளுத்திருந்தது.

"வீடு நிலைச்சிருச்சு தங்கம்," என்றார். அதுதான் அவர் என்னிடம் ஒழுங்காகப் பேசிய கடைசி வார்த்தை.

வகுப்பில் முன் வரிசையில் உட்காரவைத்தார்கள். அக்கா மாவைப் பிசைந்துகொண்டிருந்தபோது ரமணன் ஏதோ சொன்னார். நாக்கு குழறியது. பிறகு இறந்துபோன மனைவி பெயரைச் சொல்லி, கதவைத் திற என்றார். எழுந்திருக்கப் பார்த்து, முன்னால் இருந்த மேசையில் மோதி, மாவுக் கிண்ணத்தைத் தள்ளிவிட்டார்.  அப்புறம் பின்னாலிருந்து ஒரு பெண் சொன்னாள், "தண்ணி போட்டுட்டு வந்துட்டாரு லா!" அவ்வளவுதான், சிரிப்பு கிளம்பியது. இரண்டு பேர் கைப்பேசியில் படம் பிடித்தார்கள்.

அக்காவின் முகம் சிவந்தது. அவருடைய முதல் மாணவன், அவருடைய பச்சை மை, தீபாவளிக் கூட்டத்துக்கு முன்னால் தள்ளாடிக்கொண்டு நிற்கிறது. எண் நன்றாக இருக்கிறது, அப்புறம் குடியைத் தவிர வேறென்ன என்று நினைத்துவிட்டார்.

"ரமணன்! குடிச்சுப்போட்டு வந்து என்ர வகுப்பிலயோ இருக்கிறீர்? நீர் பெத்த பிள்ளை உம்மை ஏன் கைவிடாது? இந்தாளைக் கொண்டுபோய் அங்கால இருத்துங்கோ. வெறி முறிஞ்சாப் பிறகு வரட்டும்."

இரண்டு ஆண்கள் அவரைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு என் மேசையைத் தாண்டித்தான் போனார்கள். அவர் கண் என்மேல் பட்டது, ஆனால் என்னைப் பார்க்கவில்லை. சாராய வாசனை கொஞ்சமும் இல்லை. எனக்குத் தெரியும். அந்த இடத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். மூன்று மாத்திரை, இருபது மணி நேரப் பட்டினி, சீனி அடியோடு இறங்கிவிட்டது. ஹஸீனா வாங்கிக் கொடுத்த தே தாரிக் பாக்கெட் என் கையில் இருந்தது, இனிப்புத் தூக்கலான பால் தேநீர். அவர் வாயில் அதை ஊற்றியிருந்தால் போதும். ஒரு வாய் போதும்.

நான் சொல்ல வாயெடுத்தேன். எடுத்தவள் யோசித்தேன். சொன்னால் எட்டு வாரத்துக் களவு வெளியே வரும், மகளுக்குத் தெரியும், அவர் வீடு போகும். அவருக்காகத்தான் பேசாமல் இருக்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய். என் கண்ணெல்லாம் அக்காமேல் இருந்தது. நூறு பேருக்கு முன்னால் மூக்கு உடைந்து, சிந்திய மாவைத் துணியால் வழித்துக்கொண்டிருந்த அவரைப் பார்த்தபோது எனக்கு உள்ளே குளிர்ந்தது. இன்னும் கொஞ்சம் பார்க்கலாம் என்று இருந்தது. அதற்குள் ஒரு கூட்டம் வந்து வெண்டைக்காய் கேட்டது, நிறுத்துப் போட்டேன். தேயை நானே குடித்து முடித்தேன்.

வகுப்பு முடிந்து, புட்டைத் தட்டில் எடுத்துக்கொண்டு அவரைத் தேடிப் போனது அக்காதான். திட்டினாலும் சாப்பாடு கொடுக்காமல் அனுப்ப மாட்டார். குப்பைத் தொட்டிகளுக்குப் பின்னால் இருந்த பெஞ்சிலிருந்து ரமணன் சரிந்து தரையில் கிடந்தார், வாயில் நுரை. அக்கா போட்ட அலறல் மைக் இல்லாமலே சந்தை முழுக்கக் கேட்டது. மெஷினை எடுத்துக்கொண்டு ஓடி வந்து குத்திப் பார்த்தார். எண் வரவில்லை, மிகக் குறைவு என்று மட்டும் காட்டியது. அவ்வளவு கீழே அளக்க அந்த மெஷினுக்குத் தெரியாது.

ஆம்புலன்ஸ் வந்தது. உயிரைக் காப்பாற்றிவிட்டார்கள். மூளைக்கு நெடு நேரம் சீனி போகவில்லை என்று டாக்டர் சொன்னாராம். மூன்று வாரம் கழித்துக் கண் விழித்தவருக்கு மகளைத் தெரியவில்லை. வீட்டில் வெறுமையாகிக் கிடந்த மாத்திரை அட்டைகளை எண்ணிப் பார்த்த ரோஷினி, அப்பா சனிக்கிழமை சனிக்கிழமை என்ன செய்தார் என்று கண்டுபிடித்துவிட்டாள். குவீன்ஸ்டவுன் வீடு விற்பனைக்குப் போனது. சோபாவைப் பழைய சாமான்காரர் எடுத்துக்கொண்டார். ரமணன் இப்போது எந்த இடத்துக்குப் போகக்கூடாது என்று பட்டினி கிடந்தாரோ அங்கேதான் இருக்கிறார், ஆறு பேர் உள்ள அறையில், ஜன்னல் இல்லாத பக்கம்.

ரோஷினி ஒருநாள் சந்தைக்கு வந்தாள். அக்காவை அடிப்பாளோ என்று எல்லாரும் ஒதுங்கினோம். அடிக்கவில்லை. "உங்கள நம்பித்தானே ஆன்ட்டி அப்பாவை அனுப்பினேன்," என்று ஒரே ஒரு தரம் சொல்லிவிட்டுப் போனாள். நூர்தீனுக்கு மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது. வகுப்பை நிறுத்தினார்கள். ஆறு வருஷம் கை தட்டியவர்களில் ஒருத்தர்கூட அவருக்காகப் பேசவில்லை. "அந்தம்மாவுக்கு ரொம்பத்தான் வாய்," என்று என் மேசையில் நின்று காய் பொறுக்கிக்கொண்டே சொன்னார்கள். நான் ஆமாம் போட்டேன்.

வகுப்பு இல்லாவிட்டாலும் மலர் அக்கா சனிக்கிழமை வருவதை நிறுத்தவில்லை. என் மேசைக்குத்தான் வருவார், பூசணிக்காய் வாங்க. ரமணனுக்கு எதுவும் தொண்டையில் இறங்குவதில்லையாம். இவர்தான் பூசணியும் பருப்பும் குழைய வேகவைத்து, மசித்து, பஸ் ஏறிப் போய்க் கரண்டியால் ஊட்டுகிறார். வர வேண்டாம் என்று முதலில் சொன்ன ரோஷினியும் இப்போது ஒன்றும் சொல்வதில்லை. ஒரு வாய்க்குக் கால் மணி நேரம் ஆகுமாம். அரைவாசி வெளியே வழியுமாம். அதைத் துடைத்துவிட்டு மறுபடியும் ஊட்டுவாராம். ஆள் பாதியாக இளைத்துவிட்டார்.

போன மாதம் காயை வாங்கிக்கொண்டு போகாமல் நின்றார்.

"தங்கம், ஒண்டு கேக்கவேணும். ரமணன் உம்மோடதான் கூடுதலாக் கதைக்கிறவர். மருந்து கூடப் போடுறதைப் பற்றி உமக்கு ஏதும் சொன்னவரோ?"

கையில் பூசணிக்காயைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். கண்ணில் கோபம் இல்லை. தெரியும் என்று நான் சொல்லியிருந்தால், அவர் தலையில் இருக்கிற சுமையில் பாதியாவது இறங்கியிருக்கும். அதற்காகத்தான் கேட்டார். அதுவும் எனக்குப் புரிந்தது.

"இல்லக்கா," என்றேன். "எனக்கு ஒண்ணுமே தெரியாது."

பூசணிக்காயைப் பையில் போட்டார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார். ஆறு வருஷத்தில் முதல் தடவை.

"நல்லது," என்றார். "தெரிஞ்சிருந்தா உம்மால தாங்கேலாது."

அவர் நினைப்பது தப்பு. நான் தாங்குகிறேன். மூன்று வேளையும் சாப்பிடுகிறேன், படுத்தால் தூக்கம் வருகிறது. சனிக்கிழமை அவர் வரும்போது நல்ல பழுத்த பூசணிக்காயாகப் பார்த்து எடுத்துக் கொடுக்கிறேன்.